வெள்ளைக் குள்ளனுக்குப் பதினோரு வரி

1970ஆம் வருஷம், கார்த்திகை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவுக்குப் பின்புறச் சந்தில் இருந்த பஞ்சாட்சரம் அச்சகத்தில் கம்போசிட்டர் யேசுதாஸ் கை கழுவிக்கொண்டிருந்தார். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு, பிறகு இன்னொரு தரம் சோப்புப் போட்டு. ஈய எழுத்தின் கறுப்பு அவ்வளவு சுலபத்தில் விரலை விட்டுப் போகாது. ஆனாலும் அன்றைக்கு அவருக்கு அது ஒரு சலிப்பாகவே இல்லை. மனசு நிறைந்திருந்தது.

காரணம், மேஜைமேல் கிடந்த பாரம். எட்டுப் பக்கத்துக்கான ஈய எழுத்துகளை வரிவரியாகக் கோத்து, நாலு தரம் புரூஃப் பார்த்துத் திருத்தி, இரும்புச் சட்டத்துக்குள் வைத்துக் கட்டையடித்துப் பூட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் மெஷின்காரர் முனிசாமி அதைத் தூக்கி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. 105ஆம் பக்கத்திலிருந்து 112 வரை. புத்தகத்தின் பெயர் ‘விண்மீன் இயல்’.

பட்டுக்கடை பில் புத்தகமும், கல்யாணப் பத்திரிகையும், கோயில் உற்சவ நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த அந்த அச்சகத்துக்கு இப்படி ஒரு புத்தகம் வந்தது எல்லாருக்கும் புதுசு. கல்லூரியில் தமிழிலேயே பௌதிகம் படிக்கலாம் என்று ஆனபிறகு, அதற்குப் புத்தகம் வேண்டுமே என்று சென்னையில் ஒரு குழு அமைத்து ஆளுக்கொரு பாடமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். விண்மீன் பாடம் ரேணுகாம்பாளிடம் வந்தது. முசரவாக்கத்தில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்து, பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுக் கல்லூரியில் வேலை பார்ப்பவள். முப்பத்திரண்டு வயசு. கல்லூரி விட்டதும் நேரே அச்சகத்துக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து புரூஃப் திருத்திவிட்டு, ஆறேகால் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போவாள்.

யேசுதாஸ் எட்டாவது வரைக்கும் படித்தவர். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருவார். எந்த விஷயத்தையும் அவர் கோத்துத்தான் தெரிந்துகொண்டார், அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறிய எழுத்தில். சூரியனின் உள்ளே நடப்பதும், விண்மீன் பிறப்பதும் முதிர்வதும், எல்லாம் நாலு மாதமாக அவர் விரல் வழியாகத்தான் போயிருந்தன. பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போய் மனைவி மேரியிடம் சொல்லாத நாள் இல்லை.

ஒரே ஒரு தொல்லை, ‘ந்’ என்ற எழுத்து. இந்த எட்டுப் பக்கமும் விண்மீன்களின் காந்தத்தைப் பற்றியது. ‘காந்தம்’ என்று ஒரு தரம் சொன்னால் ஒரு ‘ந்’ போயிற்று. போதாததற்கு ‘இந்த’, ‘அந்த’, ‘வந்த’, ‘இருந்து’. கல்யாணப் பத்திரிகைக்கென்று வாங்கிவைத்த எழுத்துக்கு இத்தனை காந்தத்தைத் தாங்கத் தெம்பில்லை. பாரத்தைப் பூட்டி முடித்தபோது எழுத்துப் பெட்டியின் ‘ந்’ அறையில் இரண்டே இரண்டு மிஞ்சியிருந்தன. அச்சடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பக்கத்தைத் தொடவே முடியும்.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது ரேணுகாம்பாள் வாசலில் நின்றாள். மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தோளில் துணிப்பை, கையில் ஒரு நோட்டு.

“யேசுதாஸ், பாரத்த ஏத்திட்டீங்களா?”

“இல்லம்மா, திங்கக்கெழம காலைலதான். பூட்டி வெச்சிருக்குது. இன்னா டீச்சரம்மா, இப்படி மூச்சு வாங்கிக்கினு வர்றீங்க?”

“நூத்துப் பன்னெண்டாம் பக்கத்த மாத்தணும்.”

“தப்பா? நாலு தபா பாத்தமே!”

“நீங்க கோத்ததுல தப்பு இல்ல. நான் எழுதினப்போ அதுவும் தப்பு இல்ல. இப்ப மாறிடுச்சு.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். அன்று காலை சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தாளாம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் வானியல் சஞ்சிகை புதுசாக வந்து கட்டுப் பிரிக்காமல் கிடந்ததாம். கேட்டு வாங்கிப் பிரித்ததும் மூன்றாவது கட்டுரையிலேயே கை நின்றுவிட்டதாம். பென்சிலால் முழுக்கப் பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

112ஆம் பக்கத்தில் இருந்தது வெள்ளைக் குள்ளனைப் பற்றிய பேச்சு. யேசுதாஸுக்கு அது மனப்பாடம். சூரியனைப் போன்ற விண்மீன் எரிபொருள் தீர்ந்து முதிர்ந்ததும் வெளிப் போர்வையை உதறிவிடும். உள்கரு மட்டும் பூமி அளவுக்குச் சுருங்கி, வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு நிற்கும். அதுதான் வெள்ளைக் குள்ளன். இப்படி முதிர்ந்த விண்மீன்களில் காந்தப்புலம் உண்டா என்று தேடிப் பார்த்தார்கள், ஒன்றிலும் இல்லை என்று அந்தப் பக்கத்தில் பதினோரு வரி ஓடியது.

“ஒண்ணுல கண்டுபிடிச்சிட்டாங்க” என்றாள் ரேணுகாம்பாள். “வடக்கு வானத்துல ஒரு வெள்ளைக் குள்ளன். எவ்ளோ தெரியுமா? ஒரு கோடி காஸ். நம்ம பூமியோட காந்தம் அரை காஸ்தான்.”

“ஒரு கோடியா!” என்று யேசுதாஸ் கூவியே விட்டார்.

உள்ளே கணக்குப் பிள்ளை மேஜையில் இருந்த முதலாளி பஞ்சாட்சரம் சத்தம் கேட்டு வெளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி, காதில் ஒரு பென்சில். நல்ல மனுஷர்தான். ஆனால் தை மாதம் நெருங்க நெருங்க அவருக்குக் காய்ச்சல் கண்டதுபோல ஆகிவிடும். ஊரிலுள்ள கல்யாணமெல்லாம் அந்த ஒரே மெஷின்வழியாகத்தான் போயாக வேண்டும்.

விஷயத்தைக் கேட்டவர் தலையை ஆட்டினார். “பூட்டின பாரத்தத் தொறக்கறதா? வேணாம்மா. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள்தான் உங்க புஸ்தகத்துக்கு. புதன்கெழமைலேர்ந்து கல்யாணப் பத்திரிகை. பேசாம புஸ்தகத்துக் கடைசீல பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு ஒட்டிடலாம்.”

“சீட்ட யாருங்க படிக்கறாங்க? பசங்க நூத்துப் பன்னெண்டத்தான் படிப்பாங்க. இல்லன்னு எழுதியிருக்குதுன்னு பரீட்சைலயும் இல்லன்னு எழுதுவாங்க.”

“அதுக்கில்லம்மா. மெட்ராஸ்ல குமாரவேல் புரொபசர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்ச காப்பி அது. நாம பாட்டுக்கு மாத்திட்டா நாளைக்கு அவரு என்னத்தான புடிப்பாரு?”

குமாரவேல்தான் சென்னைக் குழுவுக்கு மேற்பார்வை. அந்தப் பெயரைக் கேட்டாலே புத்தகம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூடச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். அவள் நோட்டை மூடிவிட்டுப் பையில் வைக்கப் போனாள்.

யேசுதாஸுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதோடு, ஒரு கோடி காஸ் என்று கேட்டபிறகு ‘இல்லை’ என்று அச்சடிக்க அவருக்கும் மனசு வரவில்லை.

“மொதலாளி, நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? கோயிலுக்குப் போய்ட்டு நான் வந்துடறேன். டீச்சரம்மா அதே பதினோரு வரிக்குள்ள எழுதித் தரட்டும். ஒரு வரி கூடாது, ஒரு வரி கொறையாது. மத்த ஏழு பக்கம் ஆடாம அசையாம அப்படியே கெடக்கும்.”

“மாத்தினதுக்கு நானே பொறுப்புன்னு புரூஃப்ல கையெழுத்துப் போடறேன்” என்றாள் ரேணுகாம்பாள். “புரொபசருக்கும் கையோட லெட்டர் போட்டுடறேன்.”

பஞ்சாட்சரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு முனிசாமி மெஷின்ல கால வெப்பான். அதுக்குள்ள இன்னா பண்றீங்களோ பண்ணிக்கோங்க” என்று சொல்லி, சாவிக்கொத்தை யேசுதாஸ் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் யேசுதாஸ் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பூட்டைத் தளர்த்தி, 112ஆம் பக்கத்திலிருந்து அந்தப் பதினோரு வரியைப் பத்திரமாக வெளியே எடுத்தார். பிரித்துப் பெட்டியில் போட்டதில் ஆறு ‘ந்’ கிடைத்தது. பெட்டியில் இருந்த இரண்டோடு சேர்த்து எட்டு.

பதினோரு மணிக்கு ரேணுகாம்பாள் வந்தாள். விடிகாலையிலேயே எழுந்து எழுதியிருக்கிறாள். நல்ல கையெழுத்து. யேசுதாஸ் படித்தார். வரியைக் கண்ணாலேயே அளந்தார்.

“பத்தொம்போது வரி வரும்மா” என்றார். பிறகு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அப்புறம், இதுல இருபத்திரண்டு ‘ந்’ இருக்குது” என்றார்.

“இருந்தா?”

“எங்கிட்ட எட்டுதான் இருக்குது.”

அவள் முதலில் வேடிக்கை என்று நினைத்தாள். அவர் பெட்டியை இழுத்து, அந்த அறையில் கிடந்த எட்டு ஈயத் துண்டுகளைக் காட்டினார். மற்றதெல்லாம் பூட்டின பாரத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பதைச் சொன்னார். வேறு அச்சகத்தில் கடன் கேட்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை யார் திறந்து வைத்திருக்கிறார்கள்?

ரேணுகாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “எம்.எஸ்ஸி.யில எனக்கு இப்படி ஒரு கணக்குக் குடுக்கலயே! சரி, ஒக்காருங்க. நான் சொல்றேன், நீங்க எண்ணுங்க.”

அப்படித்தான் வேலை ஆரம்பமாயிற்று. அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்வாள். அவர் விரலை மடக்குவார். ‘இந்த விண்மீன்’ என்றால், ‘இந்த’ எதற்கு என்று கேட்பார். யோசித்தால் அது இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது. ‘அதிலிருந்து வந்த ஒளி’ என்றால் இரண்டு போச்சே என்பார். ‘அதன் ஒளி’ என்று ஆகும். ‘ஆராய்ந்து அறிந்துள்ளனர்’ என்று வந்தபோது யேசுதாஸ் முகத்தைச் சுளித்ததோடு சரி. அவளே அடித்துவிட்டாள்.

“அது சரிம்மா” என்று ஒரு கட்டத்தில் கேட்டார். “ஒளி சுத்திக்கினு வருதுன்னு போட்டிருக்கீங்க. காந்தத்தப் போயி யாரும் தொட்டுப் பாக்கல. அந்த வெளிச்சத்த வெச்சித்தான் சொல்றாங்களா?”

“ஆமா. சாதாரணமா வெளிச்சம் எல்லாப் பக்கமும் அதிர்ந்துக்கினு வரும். பலமான காந்தத்துக்குள்ள இருந்து கெளம்பினா, அதுல ஒரு பங்கு திருகாணி மாதிரி ஒரே பக்கமா சுத்திக்கினு வரும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். வேற எதுவும் அந்த அளவுக்குச் சுத்த வைக்காது.”

யேசுதாஸ் தலையாட்டினார்.

“இத்தினி காந்தம் அதுக்கு எங்கேர்ந்து வந்தது? எரிஞ்சி முடிஞ்ச கட்டை மாதிரிதான அது?”

“நல்லாக் கேட்டீங்க. எழுதியிருக்கேன், பாருங்க. வயசுல இருந்தப்ப அந்த விண்மீனுக்குக் கொஞ்சம் காந்தம் இருந்திருக்கும். ஆயிரம் காஸ்னு வெச்சிக்கோங்க. அப்படி இருக்கற விண்மீன்கள நெறையப் பாத்திருக்காங்க. கருட சேவை அன்னைக்கு ராஜ வீதி பூரா ஜனம் நிக்குதில்ல? அத்தினி பேரையும் இந்தச் சந்துக்குள்ள தள்ளினா எப்படி நெருக்கும்? ஜனம் கூடல, எடம் கொறைஞ்சிடுச்சி. விண்மீனும் அப்படித்தான். குறுக்களவு நூத்துல ஒரு பங்காச் சுருங்கினா காந்தம் பத்தாயிரம் மடங்கு நெருக்கும். ஆயிரத்தப் பத்தாயிரத்தால பெருக்குங்க.”

யேசுதாஸ் மனசுக்குள் பெருக்கினார். “ஒரு கோடி!”

“சரியா வந்துடுது பாத்தீங்களா?” அவள் முகம் மலர்ந்தது. “அதனால பழைய காந்தம் மிஞ்சி நெருங்கினதுதான் காரணம்னு முடிச்சிட்டேன்.”

யேசுதாஸ் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை உடனே கையில் எடுக்கவில்லை. அவர் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவதை அவள் கவனித்தாள்.

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. அறுவத்தினாலாம் பக்கத்துல சூரியனப் பத்தி நீங்க எழுதினத நான்தான் கோத்தேன். சூரியனுக்குள்ள வாயு சோத்துப் பானை மாதிரி கொதிச்சிப் பொரளுது, அதுல மின்சாரம் ஓடுது, அதனால அது காந்தத்த அப்பப்போ புதுசா உண்டாக்கிக்கினே இருக்குதுன்னு போட்டிருந்தீங்க. இது மட்டும் ஏன் பழச வெச்சிக்கினே பொழைக்கணும்? இதுவும் எப்பனா கொதிச்சிப் பொரண்டிருக்காதா?”

ரேணுகாம்பாள் பேனாவை மூடியில் செருகி, திறந்து, மறுபடி செருகினாள். இதை அவள் யோசிக்காமல் இல்லை. நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் பிரதி எடுக்கும்போதே தோன்றியதுதான். விண்மீன் நடுவயதைத் தாண்டி ஊதிப் பெருக்கும் காலத்தில், உள்ளே பெரிய புரட்டல் நடக்கிறது. அப்போது காந்தம் பிறந்து, சுருங்கிய கருவோடு தங்கியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு கோடிக் கணக்கு அவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்ததும், மற்றதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று இருந்துவிட்டாள். இடமும் இல்லையே.

“அப்படியும் இருக்கலாம்” என்றாள் மெதுவாக. “கணக்கு அழகா வந்ததுன்னா அதுதான் நடந்துதுன்னு ஆயிடாது. ரெண்டையும் எழுதணும்.”

“ரெண்டுல எதுன்னு அவங்களுக்கும் தெரியலயா?”

“யாருக்கும் தெரியல.”

“அப்ப அதையும் போட்டுடுங்க” என்றார் யேசுதாஸ், ரொம்பச் சாதாரணமாக.

மேரி கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ் சாதத்தை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையும் இருந்தது. சாப்பிட்டபிறகு மறுபடி எழுதி, எண்ணி, அடித்து, எழுதினார்கள். ஓர் இடத்தில் ‘அது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வியை ரேணுகாம்பாள் எடுத்துவிடப் பார்த்தாள். அதில் இரண்டு ‘ந்’.

“அத விடுங்கம்மா. அந்தக் கேள்விக்கு ரெண்டு செலவு பண்ணலாம்” என்று யேசுதாஸ் தடுத்துவிட்டார்.

மூன்று மணிக்குமேல் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக் கோக்கத் தொடங்கினார். அவர் கை பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். பத்து வரி சரியாக வந்தது. பதினொன்றும் வந்தது. ஆனால் ‘தெரியவில்லை’ என்ற ஒரு சொல் மட்டும் பன்னிரண்டாவது வரியில் போய்த் தனியாக நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாட்சரம் வந்தார். ஏகாம்பரநாதரைத் தரிசித்துவிட்டு, எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று வந்தவர். ஈர மையிட்டு எடுத்த புரூஃபை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“இதுல இன்னாம்மா கஷ்டம்? கடைசி வாக்கியத்த எடுத்துடுங்க, தன்னால பதினொண்ணுக்குள்ள வந்துடும். பாடப் புஸ்தகத்துல போயி இன்னும் தெரியலன்னு எழுதுவாங்களா? வாத்தியாருக்கே தெரியலன்னா பசங்க இன்னா நெனைப்பாங்க?”

ரேணுகாம்பாள் புரூஃபை வாங்கிக்கொண்டாள். மணி நாலரை. பஸ்ஸுக்கு நேரமிருந்தது, ஆனால் காலையிலிருந்து எண்ணி எண்ணி அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு வாக்கியத்தை எடுத்தால் வேலை முடியும். அவள் கடைசி வரியின்மேல் பென்சிலை வைத்தாள். கோடு போடவில்லை.

“இல்லீங்க” என்றாள். “இத எடுத்துட்டா மத்ததும் பொய்யாப் போயிடும். வேற எதனா எடுக்கறேன்.”

எதை எடுப்பது? மூன்று பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றார்கள். எல்லாச் சொல்லும் ஏற்கெனவே இளைத்து எலும்பாகத்தான் இருந்தது. யேசுதாஸ் தாளைப் பார்க்காமல் ஈயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அதுதான் நேரான எழுத்து. ஐந்தாவது வரியில் விரலை வைத்தார்.

“இங்க, ‘ஒரு கோடி காஸ் அளவுக்கு மிகப் பெரிய காந்தப்புலம்’னு இருக்குது. ஒரு கோடின்னு சொன்னப்புறம் மிகப் பெரியன்னு இன்னாத்துக்கும்மா?”

பஞ்சாட்சரம்தான் முதலில் சிரித்தார். “ஆமாய்யா! கோடீஸ்வரனப் போயி வசதியானவன்னு சொல்ற மாதிரி!”

இரண்டு சொல்லையும் பிடுங்கி எடுத்து, அதற்குக் கீழே இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேலே ஏற்றிக் கோத்து முடிக்க முக்கால் மணி ஆயிற்று. ‘தெரியவில்லை’ பதினோராவது வரியின் கடைசியில் வந்து, முற்றுப்புள்ளிக்கும் இடம்விட்டு உட்கார்ந்தது. மறுபடி எடுத்த புரூஃபில் இப்படி இருந்தது:

‘வெள்ளைக் குள்ள விண்மீன்களில் காந்தப்புலம் உண்டா என்று பலவற்றில் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1970இல் ஒன்றில் மட்டும் கிடைத்தது. அதன் ஒளியில் ஒரு பகுதி வட்டமாகச் சுழன்று வருகிறது. அப்படிச் சுழற்ற ஒரு கோடி காஸ் அளவுக்குக் காந்தப்புலம் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? விண்மீன் இளமையில் பெற்ற காந்தம், உடல் சுருங்கியபோது நெருங்கிச் செறிந்திருக்கலாம். அல்லது நடுவயதில் அதன் உள்ளே கொதித்துப் புரண்ட வாயு புதிதாகக் காந்தத்தை உண்டாக்கியிருக்கலாம். இரண்டில் எது என்று இன்னும் தெரியவில்லை.’

ஏழு ‘ந்’ செலவு. பெட்டியில் ஒன்று மிச்சம். ரேணுகாம்பாள் புரூஃபின் ஓரத்தில் ‘மாற்றம் என் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு புரூஃபைக் கடிதத்தோடு வைத்துப் புரொபசருக்கு அனுப்பப் பையில் எடுத்துக்கொண்டாள். பஞ்சாட்சரம் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். யேசுதாஸ் பாரத்தைப் பூட்டி, ஒரு மூலையைத் தூக்கி, எந்த எழுத்தும் உதிரவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முனிசாமி மெஷினை ஓட்டினார். மை சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிய தாள் ஒன்றை யேசுதாஸ் வீட்டுக்குக் கொண்டுபோனார். மேரி அவரைவிடப் படித்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள். அடுப்பைத் தணித்துவிட்டு நின்றபடியே படித்தாள்.

“தெரியலன்னு முடிச்சிட்டீங்களே. அப்பறம் பசங்க பரீட்சைல இன்னா எழுதுவாங்க?”

“தெரியலன்னு எழுதினா மார்க்கு” என்றார் யேசுதாஸ்.

“எங்க காலத்துல இப்படி ஒரு பரீட்சை இல்லியே” என்று மேரி சிரித்துக்கொண்டே குழம்பை இறக்கினாள்.

ஆனால் சென்னையிலிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. அச்சடித்த தாள்கள் அடுக்கி மேலே பலகை வைத்துக் கிடந்தன. கல்யாணப் பத்திரிகை மும்முரத்தில் பஞ்சாட்சரம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் முதலில் தலையைத் தூக்கியது அவர்தான். ரேணுகாம்பாள் வந்தால் கேட்பாள், இல்லை என்று யேசுதாஸ் சொல்வார், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தின் புரூஃபை இழுத்துக்கொள்வாள். தாளையெல்லாம் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இருவரும் நினைத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை அவள் கல்லூரியிலிருந்து நேரே வந்தாள். கையில் ஒரு நீலநிற இன்லண்டுக் கடிதம். கல்லூரி முகவரிக்கு வந்திருக்கிறது.

“நீங்க இருக்கறப்ப படிக்கலாம்னு பிரிக்காம எடுத்தாந்தேன்” என்றாள்.

பஞ்சாட்சரம் கல்யாணப் பத்திரிகைக்காரரை உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்தார். முனிசாமி மெஷினை நிறுத்தினார். ரேணுகாம்பாள் விளிம்பைக் கிழித்து, பிரித்து, முதலில் தனக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். கேட்காமல் மாற்றியது தவறு என்று முதல் வரியிலேயே குமாரவேல் எழுதியிருந்தார். பஞ்சாட்சரத்தின் கை, அவள் கையெழுத்துப் போட்ட புரூஃப் இருந்த சட்டைப்பைக்குப் போயிற்று. ஆனால் அடுத்த வரியில், அந்தச் சஞ்சிகை தனக்கும் வந்து சேர்ந்தது, கட்டுரையைப் படித்ததும் இந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்லித் தந்தி கொடுக்க எண்ணியிருந்தபோது உங்கள் கடிதம் கிடைத்தது, இரண்டு காரணத்தையும் கூறித் தெரியாததைத் தெரியாது என்று விட்டதே முறை, என்றிருந்தது.

கடைசிப் பத்தியைப் படிக்கும்போது ரேணுகாம்பாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. ‘ஒன்று மட்டும் கூறுவேன். 112ஆம் பக்கத்தின் தமிழ் மற்றப் பக்கங்களில் இல்லை. அங்கே ஒரு சொல்கூட மிகையாக இல்லை. இப்படி எழுத வல்ல தாங்கள் முந்தைய அத்தியாயங்களில் ஏன் இவ்வளவு தளர எழுதினீர்கள்?’

முனிசாமிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். ரேணுகாம்பாள் கோபப்படுவதா சிரிப்பதா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, தானும் சிரித்துவிட்டாள். யேசுதாஸ் வெட்கத்தில் எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இனிமே எழுதினதும் மொதல்ல உங்ககிட்டதான் குடுப்பேன்” என்றாள் அவள். “கண்டபடி அடிங்க. சங்கடப்படக் கூடாது.”

அவர் சங்கடப்படத்தான் செய்தார், முதல் இரண்டு வாரம். பிறகு பழகிப்போயிற்று. பால்வழி அத்தியாயத்தில் முப்பது வரி குறைந்தது. அண்டத்தைப் பற்றிய கடைசி அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்காக இருவரும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். ஜெயித்தது அவள்தான். பஞ்சாட்சரம் தை முடிந்ததும் தன் கையாலேயே சென்னைக்கு எழுதி, அரை மூட்டை எழுத்து புதிதாக வரவழைத்தார்.

சித்திரையில் புத்தகம் முடிந்தது. முன்னுரையைத்தான் எப்போதும் கடைசியாகக் கோப்பார்கள். ரேணுகாம்பாள் அதை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கொடுத்துவிட்டு, வகுப்பு இருக்கிறது என்று நிற்காமல் போய்விட்டாள். ஒன்றரைப் பக்கம்தான். யேசுதாஸ் வழக்கம்போலத் தாளை எதிரே சொருகி வைத்துக்கொண்டு, படித்துக்கொண்டே கோத்துக்கொண்டு போனார். குழுவுக்கு நன்றி, பேராசிரியர் குமாரவேலுக்கு நன்றி, கல்லூரி முதல்வருக்கு நன்றி. அடுத்து, ‘இந்நூலின் நடையைச் செப்பம் செய்தவர்’ என்று இருந்தது. அதற்கும் அடுத்த சொல்லில் அவர் கை அந்தரத்தில் நின்றது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கோக்காத பெயர் இல்லை. ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அவர் கோத்துத்தான் கல்யாணம் ஆயிற்று. தன் பெயரைக் கோத்தது ஒரே ஒரு தரம், தன்னுடைய கல்யாணப் பத்திரிகைக்கு. அதுவும் மேரியின் பெயருக்குப் பக்கத்தில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். உள்ளே முதலாளி எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். முனிசாமி சாப்பிடப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் யேசுதாஸ் ஸ்டிக்கை நன்றாக நிமிர்த்திப் பிடித்து, பெட்டியிலிருந்து தேய்மானம் இல்லாத புது எழுத்தாகப் பார்த்துப் பொறுக்கி, தன் பெயரை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.